புதன்கிழமைக்காரி

வேடசந்தூர் ரோட்டில் இருக்கிற அந்த நூல் மில் ஏழு நாளும் ஓடும். மெஷினுக்கு லீவு கிடையாது, ஆளுக்குத்தான் வாரத்தில் ஒரு நாள். எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு விட்டால் மெஷினை யார் பார்ப்பது என்று ஆளுக்கு ஒரு கிழமையாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அதே கிழமை என்பதால் அது ஊர்ப்பெயர் மாதிரி ஆளோடு ஒட்டிக்கொள்ளும். "செவ்வாய்க்கிழமைக்காரி வந்துட்டாளா?" என்று மேஸ்திரி கேட்டால் யாரைக் கேட்கிறார் என்று நூலைக் கூம்பு கூம்பாகச் சுற்றுகிற கோன் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். கௌசல்யா புதன்கிழமைக்காரி.

மற்ற ஆறு நாளும் மில்லும் வீடும் அவளைப் பங்கு போட்டுக்கொள்ளும். விடியுமுன் எழுந்து சோறாக்கி, வெஞ்சனம் ஒன்று செய்து, மூன்று டப்பாக்களில் அடைத்து, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் மில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிறகு முழுக்க நின்றபடி பார்க்கிற வேலை. சுழல்கிற நூல்கண்டுகளின் மேல் கண் இருந்துகொண்டே இருக்கும். அறுந்த நூலை எடுத்து ஒட்டுவாள், நிறைந்த கோனைக் கழற்றி வண்டியில் அடுக்குவாள். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது தலையில் கட்டிய துணியையும் மீறிப் பஞ்சு வந்து புருவத்தில் உட்கார்ந்திருக்கும். "ஒரே நாள்ல நரச்சுப் போச்சே உனக்கு" என்பான் கணவன் ஈஸ்வரன். அவன் சின்ன லோடு வண்டி ஒன்று வைத்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிவந்து திண்டுக்கல் கடைகளுக்குப் போடுகிறவன். அவன் மீசையில் எந்நாளும் மண் இருக்கும். அதை அவள் சொல்லிக்காட்டுவதில்லை.

புதன்கிழமை மட்டும் அவளுடையது. அதிலும் காலை நேரம் துணிக்கும் மாவுக்கும் போய்விடும். மதியச் சாப்பாடு முடிந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்புவாள். ஒரு கார்டுக்கு எடுக்கிற புத்தகம் ஒரு வாரம் தாங்காது என்பதால் கணவன் பேரிலும் மகள் பேரிலும் கார்டு வாங்கி வைத்திருந்தாள். ஈஸ்வரன் அந்தக் கட்டிடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனால் நூலகருக்கு அவன் பெரிய வாசகன் என்று எண்ணம். "உங்க வீட்டுக்காரர் சமையல் புத்தகத்தக்கூட விடமாட்டார் போல" என்று ஒரு தடவை சொன்னார். அவளும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

வந்ததும் கூடை. ஒயர் கூடை பின்னுவதை அவள் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. மில்லில் கூட வேலை பார்த்த ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னுவதைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தது. நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண் என்று எதைக் கேட்டாலும் பின்னுவாள். மகளைப் பாடம் ஒப்பிக்க வைத்துக்கொண்டே விரல் பாட்டுக்கு முடிச்சுப் போடும். மகள் ஒரு வரியை விழுங்கினால் விரல் நின்றுவிடும். அதனால் பாடத்தில் எந்த இடத்தில் விட்டோம் என்று மகளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

புத்தகமெல்லாம் பஸ்ஸில்தான். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். ஆரம்பத்தில் தனக்குள் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் இருப்பவர்கள் என்ன கதை என்று கேட்கத் தொடங்கி, அது வளர்ந்து, போகும்போது படிப்பது, வரும்போது பஸ்ஸுக்கே சொல்வது என்று ஆகிவிட்டது. கடைசி சீட்டில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற ராமுத்தாய்க்குத்தான் கதையில் அவசரம் அதிகம். அந்த வைகாசியில் ஓடிக்கொண்டிருந்தது ஓர் உப்பளத்துக்காரியின் கதை. அவளை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனவன் திரும்பி வருவானா மாட்டானா என்பதில் பஸ் இரண்டாகப் பிரிந்து நின்றது. "வரமாட்டான்த்தா. நம்ம ஊர்லருந்து திருப்பூருக்குப் போனவனே வரல" என்பது ராமுத்தாயின் கட்சி.

கௌசல்யாவின் பக்கத்து சீட்டு ஏஞ்சலினுடையது. ஏஞ்சலின் பிறந்தது நத்தம் பக்கம், வாழ்க்கைப்பட்டது திண்டுக்கல். எழுத்தைப் பார்த்தால் கண் சொக்குகிறது என்பாள். ஆனால் கதையை மட்டும் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். நடுவில் அழவும் செய்வாள். கோன் பிரிவில் இருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்காரி அவள்தான்.

அந்த ஞாயிறு முன்பு கௌசல்யாவுடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏஞ்சலின் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்தது புதன்கிழமை. முதல் ஞாயிறு அவள் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைக் கௌசல்யா பார்த்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு பூசையும் விட்டதில்லையாம். வீட்டுக்காரர் கொத்தனார். அவருக்கும் ஞாயிறுதான் ஓய்வு. எல்லோரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போய், வரும்போது கறி எடுத்து, உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு நாள்தான். கௌசல்யா அப்போதே மேஸ்திரியிடம் போய்க் கிழமையை மாற்றி எழுதச் சொல்லிவிட்டாள். "எங்க சாமி எல்லா நாளும் வீட்டுலதான் இருக்கும், நீ போ" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது டப்பா. திங்கட்கிழமை காலையில் ஏஞ்சலின் ஒரு எவர்சில்வர் டப்பாவில் முந்தின நாள் கறிக்குழம்பைச் சூடாக்கிக் கொண்டுவந்து கௌசல்யாவின் மடியில் வைப்பாள். ஆறு வருஷமாக, தவக்காலம் தவிர, அது நின்றதில்லை. கௌசல்யாவும் அந்த டப்பாவை ஒரு நாள்கூட வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. முறுக்கு, சுண்டல், ஈஸ்வரன் கொண்டுவரும் முருங்கைக்காயில் நறுக்கின நாலு துண்டு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கட்டி வெல்லம். வந்த பாத்திரத்தைக் காலியாக அனுப்பக் கூடாது என்பது அவள் வீட்டில் பழக்கம். அவளுக்கு அது பழக்கத்துக்கும் மேலே. யாரிடமும் எதையும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. பக்கத்து வீட்டில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கினாலும், சாயங்காலத்துக்குள் அது ஒரு கிண்ணம் ரசமாகத் திரும்பிப் போய்விடும்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. படிப்பு. பன்னிரண்டாவதில் வரலாற்றில் நல்ல மார்க். பத்தொன்பதில் கல்யாணம். அதற்கப்புறம் அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு சித்திரையிலும் சொல்வாள், ஆனியில் அடுத்த வருஷம் என்பாள். வகுப்புகளுக்கு மதுரைக்குப் போக வேண்டியிருந்தது ஒரு காரணம். மகள் சின்னவள் என்பது இன்னொன்று. படித்து என்ன செய்யப்போகிறாய் என்று ஈஸ்வரன் ஒரு தடவை கேட்டான். ஏளனமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தினம் பஸ் ஜன்னலில் மலைக்கோட்டை தெரிகிறது, அம்புட்டுக் கல்லை யார் மேலே தூக்கியிருப்பார்கள் என்று தினம் தோன்றுகிறது என்று மட்டும் சொன்னாள். "தூக்குனவன் இல்ல, தூக்கச் சொன்னவன் பேருதான் புத்தகத்துல இருக்கும்" என்றான் அவன். அதுவும் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. ஆசை மட்டும் குறையவில்லை.

இந்த வருஷம் திண்டுக்கல்லிலேயே படிப்பு மையம் திறந்துவிட்டார்கள். ஆவணியிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு முழுநாள் வகுப்பு. வருகைக் கணக்கு இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. ஆனி முடிவதற்குள் சேர்ந்துவிட வேண்டும்.

ஞாயிறு என்றதும் அவளுக்கு முதலில் ஏஞ்சலினின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மேஸ்திரியிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள். மாதம் இரண்டு ஞாயிறு லீவு என்பதற்கு அவர் சிரித்தார். கிழமையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், அதுவும் அதே பிரிவில் இருக்கிற ஆளோடு மட்டும் என்றார். "உங்க பிரிவுல ஞாயிறு யாரு? ஏஞ்சலின்தான? உன் சிநேகிதிதான, கேட்டுக்க."

கேட்டுக்கொள்வது என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? அதுகூடப் போகட்டும். நடுவில் ஒரு கூடை வந்து உட்கார்ந்திருந்தது.

ஏஞ்சலினின் மகள் இன்பென்டாவுக்கு அந்த ஆனியில் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுனும் முக்காடும் போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். ஜெபமாலையும் ஜெபப்புத்தகமும் வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கூடை தன் கையால் பின்னித் தருவதாக ஈஸ்டர் சமயத்திலேயே கௌசல்யா சொல்லியிருந்தாள். வெள்ளை ஒயர், விளிம்புக்கு மாதாவின் வெளிர்நீலம், சிவன் கண் முடிச்சு. பஸ்ஸில் இதைக் கேட்டுவிட்டு ராமுத்தாய், "ஏத்தா, புதுநன்மைக்குச் சிவன் கண்ணா?" என்றாள். "யாரு கண்ணா இருந்தா என்னக்கா, பாக்க அழகா இருக்கா இல்லையா?" என்றாள் ஏஞ்சலின். அதோடு அந்த வழக்கு தீர்ந்தது.

கூடை வைகாசிக் கடைசியிலேயே முடிந்துவிட்டது. முடிந்த அதே வாரத்தில்தான் படிப்பு மையத்தின் செய்தியும் வந்தது.

கௌசல்யா கூடையை எடுத்துப் பார்த்தாள். இதை இப்போது கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்து ஞாயிறைக் கேட்டால், கேட்பதற்காகத்தான் கொடுத்தாள் என்று ஆகிவிடும். முதலில் ஞாயிறைக் கேட்டுவிட்டுப் பிறகு கூடையைக் கொடுத்தால், ஞாயிறுக்குக் கூடை கூலியாகிவிடும். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பிள்ளைக்கென்று பின்னின கூடை அழுக்காயிற்று. ஞாயிறைக் கேட்காமலே விட்டுவிட்டால் கூடை சுத்தமாக இருக்கும். ஆனால் அதற்கு மனசு வரவில்லை. பன்னிரண்டு வருஷத்து அடுத்த வருஷம் இது. கூடையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோ மேல் வைத்தாள்.

பஸ்ஸில் ஏஞ்சலின் கேட்டபோது, வெள்ளை ஒயர் கிடைக்கவில்லை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் கேட்டபோதும் அதையே சொன்னாள். பொய் சொன்னதும் பக்கத்தில் உட்காரக் கூச்சமாகிவிட்டது. முன் சீட்டில் காற்று நன்றாக வருகிறது என்று இடம் மாறினாள். தலைவலி என்று கதை சொல்வதையும் நிறுத்தினாள். உப்பளத்துக்காரி கரையிலேயே நின்றாள். "கப்பலு வருதோ வரலையோ, நீ வாயத் தொற" என்று பின்னாலிருந்து ராமுத்தாய் சத்தம் போட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை டப்பா மட்டும் எப்போதும் போல வந்தது. ஆனால் ஏஞ்சலின் அதை மடியில் வைக்கவில்லை. சீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

புதுநன்மைக்கு முந்தின புதன்கிழமை. சாயங்காலம் கௌசல்யா மாவை வழித்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரன் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். மில் பஸ் போகிற சத்தம் கேட்டது. செத்த நேரத்தில் வாசலில் ஏஞ்சலின் நின்றாள். தலையில் பஞ்சு அப்படியே இருந்தது. கையில் ஒரு பை.

"வா ஏஞ்சலு" என்றாள் கௌசல்யா, மாவுக் கையோடு.

ஏஞ்சலின் உட்காரவில்லை. பையிலிருந்து வெள்ளை ஒயர்க்கட்டு ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். பக்கத்திலேயே நீலம் ஒன்று.

"பஸ் ஸ்டாண்டு கடையில குமிஞ்சு கெடக்கு. உனக்குக் கெடைக்கலன்னு சொன்னியே, அதான் வாங்கிட்டு வந்தேன். மூணு நாள்ல முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிரு, கடையில ஒரு பை வாங்கிக்கிறேன். இதுக்கு ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு முன் சீட்டுல போய் உக்காரணும்? நான் என்ன பண்ணேன் உனக்கு?"

கௌசல்யாவின் கண் தன்னால் பீரோ மேல் போய்விட்டது. மேலே போன கண்ணை ஏஞ்சலினும் பார்த்தாள். கவருக்குள்ளிருந்து நீல விளிம்பு தெரிந்தது.

எட்டி எடுத்து, கவரைப் பிரித்து, ஏஞ்சலின் கூடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கண்கள். கைப்பிடியில் நீலத்தையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கியிருந்தது. கேட்டபோது அவள் குரலில் கோபம் இல்லை.

"முடிச்சு வச்சுட்டு ஏன்டி குடுக்கல?"

கௌசல்யா மாவுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்த ஈஸ்வரனுக்கு விஷயத்தின் ஆழமெல்லாம் தெரியவில்லை. அவன் பாட்டுக்குச் சொன்னான்.

"அது ஒண்ணுமில்ல தங்கச்சி. இவ படிக்கப் போகணுமாம். கிளாஸு ஞாயித்துக்கிழமை. உங்ககிட்ட லீவ மாத்திக் கேக்கணும். கேக்கக் கூச்சம். கூடையக் குடுத்துட்டுக் கேட்டா என்ன நினைப்பீங்க, கேட்டுட்டுக் குடுத்தா என்ன நினைப்பீங்கன்னு இருவது நாளா இந்த வீட்டுல இதே பாட்டு. எனக்கு ஒரு நேரம் ரசத்துல உப்பு இல்ல, ஒரு நேரம் ரெண்டு உப்பு."

கௌசல்யாவுக்கு அவன் வாயிலேயே மாவை அப்பலாம் போல இருந்தது. அவன் காபி போடப் போய்விட்டான். தான் போட்ட குண்டுக்குத் தானே பயந்தவன் மாதிரி உள்ளே பாத்திரத்தை ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டிருந்தான்.

ஏஞ்சலின் தரையில் உட்கார்ந்தாள். கூடை மடியில் இருந்தது.

"என் பிள்ளைக்கு நீ பின்னுனத, நான் ஞாயிறுக்கு வெலையின்னா நினைப்பேன்?"

"நீ நினைக்க மாட்ட. எனக்கே அப்படித் தோணிருச்சு. அதுக்கப்புறம் குடுக்க முடியல."

"ஆறு வருசமா திங்கக்கிழமை கறிக்குழம்பு தாரேனே, அது நீ குடுத்த ஞாயிறுக்கு வாடகைன்னு நினைச்சியோ?"

கௌசல்யா நிமிர்ந்தாள். அப்படி அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு திங்களும் டப்பாவை நிரப்பித்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அது ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதுதான் யோசித்தாள்.

ஏஞ்சலின் அதற்குமேல் கேட்கவில்லை. காபியைக் குடித்தாள். எந்தக் காலேஜ், எத்தனை வருஷம், எந்தெந்த ஞாயிறு என்று விசாரித்துக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் ஒயர்க்கட்டுகளை அங்கேயே விட்டாள். வாசலில் நின்று, "வாரேன்" என்றாள். அவ்வளவுதான்.

கௌசல்யாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஞாயிறு என்பது ஏஞ்சலினுக்கு ஒரு லீவு நாள் மட்டும் இல்லை. அந்த நாளில் ஒரு புருஷன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறாள், கோயில் இருக்கிறது, அடுப்பில் கறி இருக்கிறது. யாராவது வந்து உன் புதன்கிழமையைக் கொடு என்று கேட்டால், இவள் மட்டும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவாளா? கூடை போய்ச் சேர்ந்ததே போதும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மாவைக் கரைத்தாள். உப்புப் போட்டோமா என்று மறந்துபோய் இன்னொரு தடவை போட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் ஏஞ்சலின் பின்னால் போய் ராமுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கௌசல்யா புத்தகத்தைப் பிரித்து வைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோன் பிரிவில் மெஷின் ஓடும்போது பேச்சு எடுபடாது. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். நெற்றியைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். விரலைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனால் சாப்பாடு. கன்னத்தில் கை வைத்தால் வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வேலையைவிட இதைக் கற்கத்தான் நாளாகும்.

அன்று முற்பகலில், அறுந்த நூல் ஒன்றை ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது எதிர் வரிசையிலிருந்து ஏஞ்சலின் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கௌசல்யா கண்டாள். ஏஞ்சலின் தன் நெஞ்சைத் தொட்டாள். இரண்டு கையையும் கூப்பினாள். பிறகு ஒரு விரலைக் காட்டி, அந்த விரலைத் தூங்கி எழுகிற மாதிரி கண்ணில் தேய்த்தாள். நான், பூசை, விடியக்காலை முதல் பூசை. அடுத்து கௌசல்யாவைச் சுட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து, புத்தகத்தைப் பிரிக்கிற மாதிரி பிரித்தாள்.

கௌசல்யா புரியாதவள் மாதிரி நின்றாள். ஏஞ்சலின் சலித்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை செய்தாள். இந்தத் தடவை புத்தகத்தைப் பிரிக்கும்போது முழங்கை வரைக்கும் பிரித்தாள். கௌசல்யாவின் மெஷினில் நூல் மூன்று இடத்தில் அறுந்து நின்றதைப் பார்த்து, கையை ஓங்கி அதைக் காட்டினாள்.

மதியம் சாப்பிடுகிற இடத்தில்தான் வாய்ப்பேச்சு. கிளாஸ் இருக்கிற ஞாயிறு மட்டும்தான் தருவேன், கிளாஸ் இல்லாத ஞாயிறு என்னுடையது என்றாள் ஏஞ்சலின். ஆள் குறையாவிட்டால் சரி என்று மேஸ்திரியும் சொல்லிவிட்டாராம். அந்த வாரங்களில் புதன்கிழமை லீவை எடுத்துக்கொண்டு, ஞாயிறு முதல் பூசைக்குப் போய்விட்டு அப்படியே மில் பஸ்ஸைப் பிடித்துக்கொள்வாளாம். வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் தூக்கியிருக்கிறார். ஞாயிறு கறியை யார் ஆக்குவது என்று கேட்டாராம். "புதன்கிழமை ஆக்குறேன், கறிக்கடையில கூட்டமே இருக்காது, நல்ல எலும்பாக் கெடைக்கும்னு சொன்னேன். அந்த மனுசனுக்கு எலும்புன்னா போதும்." சிரிக்கவில்லை அவள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

கௌசல்யா தன் டப்பாவிலிருந்த வடையை எடுத்து அவள் பக்கம் வைக்கப் போனாள். ஏஞ்சலின் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தா பாரு. இதுக்கு நீ எதுவும் தரப்படாது. வடையும் வேணாம், கூடையும் வேணாம். தந்தின்னா புதன்கிழமைய நீயே வச்சுக்கிட்டுக் கெட."

கை வடையோடு நின்றது. அதைத் திரும்பத் தன் டப்பாவிலேயே வைத்துக்கொள்ள கௌசல்யாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பழைய சீட்டிலேயே உட்கார்ந்தாள். உப்பளத்துக்காரியின் ஆள் கப்பலை விட்டு இறங்கினான். ஆனால் அவள் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனக்கென்று ஓர் உப்புப் பாத்தி வாங்கிவிட்டதாகச் சொல்லி, அவனுக்குச் சோறு மட்டும் போட்டு அனுப்பிவிட்டாள். பஸ்ஸே அதிர்ந்துவிட்டது. வரமாட்டான் என்று சொல்லிவந்த ராமுத்தாய்க்குத் தான் ஜெயித்தோமா தோற்றோமா என்று புரியவில்லை. "வந்தவனுக்குச் சோறு போட்டாள்ல, அது போதும்" என்று பூண்டை உரிக்கத் தொடங்கினாள்.

புதுநன்மை அன்று ஞாயிறாகையால் கௌசல்யாவுக்கு வேலை. போக முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போனில் படம் வந்திருந்தது. வெள்ளைக் கவுனில் இன்பென்டா, ஒரு கையில் மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் கூடை. படம் எடுக்கிற நேரத்தில் பிள்ளை கூடையைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பாகக் கௌசல்யா படிப்பு மையத்தில் சேர்ந்தாள். ஈஸ்வரன் லோடு வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டான். வண்டியில் கோஸ் மூட்டைகள் இருந்தன.

ஆவணியில் முதல் வகுப்பு. ஞாயிறு காலையில் அவள் ரயில்வே கேட்டுப் பக்கம் டவுன் பஸ்ஸுக்கு நின்றாள். எப்போதும் மில்லுக்குக் கட்டுகிற சேலை இல்லை. புதன்கிழமைகளில் நூலகத்துக்குக் கட்டுவது. ஏஞ்சலின் விட்டுப்போன ஒயர்க்கட்டுகளில் பின்னின ஒரு கூடையில் நோட்டும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. மில் பஸ் முதலில் வந்து நின்றது. பழக்க தோஷத்தில் கால் அதை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டது. உள்ளேயிருந்து சிரிப்பு எழுந்தது.

ஜன்னலோரம் ஏஞ்சலின் இருந்தாள். முதல் பூசைக்குப் போய்விட்டு வந்த முகம், தலையில் பூ வாடாமல் இருந்தது. ஜன்னல் கம்பிக்கு இடையில் டப்பா நுழையவில்லை. எழுந்து படிக்கட்டுக்கு வந்து கொடுத்தாள்.

"எலுமிச்சஞ்சோறும் முட்டையும். மத்தியானம் சாப்புடு. நாளைக்கு டப்பாவ வெறும் டப்பாவாக் கொண்டாரணும். தெரியுதா?"

"ஏத்தா, வகுப்புல தூங்கிறாத" என்று பின்னாலிருந்து ராமுத்தாய் சொன்னாள். பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் இல்லாமல் அந்தப் பஸ் போவதை அவள் சாலையில் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. புதன்கிழமைகளில் அது போகும் நேரத்தில் அவள் துணிக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருப்பாள்.

மறுநாள் திங்கள். விடியுமுன் சோறாக்கிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ஏஞ்சலினின் டப்பாவைத் துடைத்தாள். துடைத்த கை தன்னால் முறுக்கு டின் பக்கம் போய் மூடியைத் திறந்தது. இரண்டு முறுக்கை எடுத்தும்விட்டாள். அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து மகள் தலை பின்னச் சொல்லிக் கூப்பிட்டாள். கௌசல்யா முறுக்கை டின்னில் போட்டு மூடினாள். டப்பாவையும் மூடிப் பையில் வைத்தாள். பையில் அது லேசாக இருந்தது. நடக்கும்போது மூடி கடகடவென்று ஆடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அதை எடுத்து ஏஞ்சலினின் மடியில் வைத்தாள். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

ஏஞ்சலின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஒன்றும் இல்லை. கவிழ்த்துத் தட்டியும் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"நல்லாக் கழுவியிருக்க" என்றாள். பிறகு, கதை கேட்கும்போது உட்காருகிற மாதிரி ஒரு காலை மடக்கிச் சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள். "சொல்லு. நேத்து என்ன நடத்துனாங்க?"

"வந்ததும் வராததுமா பாடமா? சாயங்காலம் சொல்றேன். காலையில நான் படிக்கணும்."

"அதெல்லாம் முடியாது. என் ஞாயிறு அது. இப்பவே சொல்லு."

கடைசி சீட்டில் பூண்டு உரிக்கிற சத்தம் நின்றது. ராஜா கதையா என்று ராமுத்தாய் கேட்டாள். ராஜாவெல்லாம் இன்னும் வரவில்லை, வெறும் கல்லும் மண்பானையும்தான் இப்போதைக்கு என்றாள் கௌசல்யா. பானை யார் செய்தது என்று யாரோ கேட்டார்கள். பஸ் திரும்பியதில் மலைக்கோட்டை ஒரு பக்க ஜன்னலிலிருந்து மறு பக்கத்துக்குப் போயிற்று. அவள் மடியிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பானையிலிருந்து ஆரம்பித்தாள்.